பதினாறாம் அறை

அதிகாலை இரண்டிலிருந்து நான்கு வரை
எங்களுக்குக் கொடுத்த நேரம்.
அதற்குள் தெம்பனிஸ் கேட்வேயை
துவாஸ் கேட்வேக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.
இரண்டும் முன்பின் பார்த்ததில்லை.
பார்க்கப் போவதுமில்லை.
நானும் நோர்ஹிஷாமும் போலத்தான்,
நான்கு வருடமாகக் குரல் மட்டும்.

ஒரு கம்பிக்குள் முப்பத்திரண்டு அறைகள்.
பூஜ்ஜிய அறை நேரம் பார்த்துக்கொள்ளும்.
முப்பதில் ஆட்கள் பேசலாம், சண்டை போடலாம்,
ஃபேக்ஸ்கூட அனுப்பலாம்
(ஒரு துறைமுக ஏஜெண்ட் இன்னும் அனுப்புகிறார்).
பதினாறாம் அறையில் மட்டும் யாரும் பேசுவதில்லை.
யார் யாரை அழைக்கிறார்,
மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா.
"சாப்பிட்டியா" என்ற சொல்
அந்த வழியாக ஒருநாளும் போனதில்லை.

என் வேலை அந்த அறை.

முதல் கட்டளைக்கே இணைப்பு எழுந்தது.
எட்டு நொடிச் சொச்சம் இரண்டு முனையும்
வெற்றுச் சேதிகளை வீசிப் பார்த்துக்கொண்டன.
அது ஒரு பரீட்சை:
ஒன்றும் சொல்லாததைப்
பிழையில்லாமல் சொல்லத் தெரிகிறதா என்று.
தேறியது. பச்சை.
பிறகு சிவப்பு.
மறுபடி எட்டு நொடி, பச்சை, சிவப்பு,
முதல் எம்ஆர்டியில் தூங்கித் தூங்கி
நிமிரும் தலை மாதிரி.

"உன் பக்கமா, என் பக்கமா?"
கேபிளை மாற்றினோம்.
அட்டையைப் பிடுங்கிச் சொருகினோம்.
அவன் மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
மரியாதையாக.
மூன்றேகாலுக்கு அவன் வேலைத்தாளை உரக்கப் படிக்க
நான் திரையைப் பார்த்தேன்.

நான்கு, நூற்றுப் பதினாறு, மூன்று.
நான்கு, நூற்று அறுபத்தொன்று, மூன்று.

ஆக, என் கேட்வே
கதவு தட்டியவரிடம் பேர் கேட்டு,
பேர் வேறாக இருக்கிறதே என்று
நியாயமாகத்தான் சாத்தியிருக்கிறது.
ஒன்றையும் ஆறையும் இடம் மாற்றியவர் பெயர்
அந்த வரியின் கடைசியிலேயே இருந்தது:
கே. குமுதவல்லி.
அதாவது நான்.
அவன் திரையிலும் அதே வரி.
"யாரோ சாப்பாட்டு அவசரத்தில்" என்றான்.

திருத்தினேன். எட்டு நொடி. பச்சை.
பச்சையாகவே இருந்தது.

இனி சோதனை அழைப்பு.
அவன் மேசைக்கு நான் அழைத்து
பதினைந்து நிமிடம் வைக்காமல் இருக்க வேண்டும்.
பேச வேண்டும் என்று விதியில் இல்லை.

முதல் நிமிடம் வேலை பற்றி.
அப்புறம் அவன் பக்கத்து ஏர்கான்,
என் பக்கத்து ஏர்கான்.
பிஸ்கட் உறை பிரியும் சத்தம்.
திரையில் பதினாறாம் அறை
நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல்
வெறுமையாக அனுப்பிக்கொண்டிருந்தது:
இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.
நிறுத்தினால்
செத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் மறுமுனை.

ஒன்பதாவது நிமிடத்தில்
"ஊஜான்" என்றான்.
"துவாஸில் கொட்டுது, கூரை கேக்குதா?"
கேட்டது,
தகரத்தில் உளுந்தைச் சாய்த்தது போல.
"இங்க இல்ல."
"வரும். சுமத்ராக் காற்று.
மேற்கிலிருந்துதானே எப்பவும்."

பதினைந்து. வைத்தேன்.
பதிவில் காரண எண் பதினாறு,
இயல்பாக முடிந்தது என்று அர்த்தம்.
கையெழுத்திட்டேன்,
என் பெயரையே இரண்டு தரம் படித்துவிட்டு.

நான்கே முக்காலுக்குக் கீழே இறங்கினால்
பஸ் நிறுத்தம் இன்னும் காய்ந்து கிடந்தது.
நாற்பது கிலோமீட்டர் இருக்குமா இந்தத் தீவு?
எங்கள் சேதி இமைக்குமுன் தாண்டுவதைத் தாண்ட
மழைக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.
முதல் துளி என் அலுவலக அட்டையில்,
புகைப்படத்தின் நெற்றியில் விழுந்தது.

"வந்துடுச்சு" என்று சொல்ல நினைத்தபோதுதான்
அவன் கைப்பேசி எண் தெரியாது என்று உறைத்தது.
மேசை எண் மட்டும்.
அங்கே அவன் இந்நேரம் இருக்கமாட்டான்.
ஆனாலும் அழைத்தேன்.

அந்தப் புது வழியாகத்தான் போயிருக்கும்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது என்று
பதினாறாம் அறை வந்து வந்து சொல்ல,
குடையில்லாமல்
கேட்டுக்கொண்டு நின்றேன்.